பவளம் அக்கா குடித்த முதல் வாய்

அன்று காலை பிள்ளைக்காம்பராவில் பயறு அவித்து இறக்கிக்கொண்டிருந்தேன். மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் அந்த இடத்தில்தான் எனக்கு ஒன்பது வருடமாக வேலை. போன் அடித்தது. என் கணவர் ராஜு. "செல்வி, பவளம் அக்கா மலையில விழுந்துட்டாங்க. திரீவீல்ல ஏத்திக்கிட்டுப் போறோம்" என்றார். அரை மணித்தியாலம் கழித்து மறுபடியும் அடித்தது. "அக்கா போயிட்டாங்க செல்வி" என்றார்.

எனக்கு உடனே அழுகை வரவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் மனதில் வந்தது, வயிற்றுப் பிள்ளைக்காரி கௌசியின் போத்தலை இன்றைக்கு யார் எடுத்துக் கொடுப்பார்கள் என்பதுதான். சாவுச் செய்தி கேட்டவள் நினைக்கிற நினைப்பா இது என்று என்மீதே கோபம் வந்தது. பிறகு பார்த்தால், ஒரே கூரைக்குக் கீழே காம்பரா காம்பராவாக இருக்கும் எங்கள் லயத்தில் பாதிப் பெண்களுக்கு இப்படி ஏதோ ஒரு நினைப்புத்தான் முதலில் வந்திருக்கிறது. "என்னோட கடலை டப்பா அங்கதானே இருக்கு" என்று நினைத்ததாக ஒருத்தி என்னிடம் சொல்லி அழுதாள். பவளம் அக்கா என்றால் எங்களுக்கு அவர் வீட்டுப் பிரிட்ஜ்தான் முதலில் ஞாபகம் வரும்.

கருமாதி முடிந்த மறுகிழமை அக்காவின் மகன் சுரேஷ் கொழும்பிலிருந்து பேசினான். நினைவு மலர் அடிக்கப்போகிறானாம். "நீங்க எழுதுங்க சித்தி, அம்மாகிட்ட ரொம்பச் சண்டை போட்டது நீங்கதான்" என்றான். சரியாகத்தான் சொன்னான். இதை வாசிக்கும் உங்களில் பலர் அக்காவோடு காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு நின்றவர்கள், ஒரே மலையில் கொழுந்து பறித்தவர்கள். உங்களுக்குத் தெரிந்த அக்காவைத்தான் நானும் எழுதப்போகிறேன். ஒன்றே ஒன்று மட்டும் உங்களில் நிறையப் பேருக்குத் தெரியாது.

அந்தப் பிரிட்ஜ் வந்த நாளை எப்படி மறப்பது? பதினேழு வருடம் இருக்கும். தலவாக்கலையில் பிரிட்ஜ் திருத்தும் கடையில் வேலை செய்த அக்காவின் தம்பி, யாரோ கழித்துவிட்ட ஒன்றைச் சரிப்படுத்தி லொறியில் ஏற்றி அனுப்பியிருந்தார். கைபிடி இல்லை. கதவு ஒழுங்காக மூடாது. சைக்கிள் டியூப்பை வெட்டிக் குறுக்கே மாட்டி இழுத்துவைத்தார்கள். லிந்துலைக்கு மேலே எங்கள் தோட்டத்தில் காலையில் எழுந்தால் தண்ணீரில் கை வைக்க முடியாது. லயமே சிரித்தது. பக்கத்துக் காம்பராக்காரியான நான் விடுவேனா? "ஏங்க்கா, ஊரே பிரிட்ஜ் மாதிரிதானே இருக்கு, அதுக்குள்ள இன்னொரு பிரிட்ஜா?" என்று கேட்டேன். "சிரி சிரி. ஒருநா நீயே வந்து இதத் தொறப்ப" என்றார்.

நான் திறக்கப் போனது சிரிப்பான காரணத்துக்கு அல்ல. என் முதல் பிள்ளை பிறந்து அழவே இல்லை. இரத்தம் போதாமல்தான் அப்படி ஆனது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அடுத்த வருடம் மறுபடியும் தரித்தபோது எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம். ஐந்தாம் மாதம் கிளினிக்கில் மிட்வைப் மிஸ் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "லே மதி, நங்கி" என்றார். இரத்தம் போதாது, தங்கச்சி என்று அர்த்தம். போன முறையும் இதையேதான் சொன்னார்கள். கொடுத்த குளிசை மாத்திரைகளை வீசிவிட்டாயா என்று வேறு மிஸ் கேட்டுவிட்டார். "ஒரு நாள் விடாம முழுங்குறேன் மிஸ்" என்று நான் கத்தினேன். கிளினிக்கே திரும்பிப் பார்த்தது.

துணைக்கு வந்திருந்த பவளம் அக்காதான் குறுக்கே பேசினார். "அவ பொய் சொல்லல மிஸ். காலையில ரொட்டியக் கடிச்சுக்கிட்டுச் சாயத்தண்ணியோட முழுங்குறா. நா தெனமும் பாக்கிறேன்."

சாயத்தண்ணி என்று நாங்கள் சொல்வது பால் விடாத தேநீர். மிஸ் தலையில் கை வைத்துக்கொண்டார். இரும்புச்சத்துக் குளிசையைத் தேநீரோடு குடித்தால் சத்து உடம்பில் சேராதாம். தேசிக்காய் என்கிற எலுமிச்சையோ நெல்லியோ சேர்த்தால்தான் சேருமாம். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலம் தேநீரே கூடாதாம். தேயிலைத் தோட்டத்தில் போய் இதைச் சொன்னால் யார் கேட்பார்கள்? எங்களுக்கு விடிவதே சாயத்தண்ணியில்தான். என் அம்மாவும் அப்படித்தான் முழுங்கினார், மாமியாரும் அப்படித்தான். எத்தனை லயத்தில் எத்தனை பெண்கள் கசக்கும் குளிசையைச் சூடான தேநீரில் முழுங்கி, மாதாமாதம் ஏச்சும் வாங்கியிருப்பார்கள்!

திரும்பி நடக்கும்போது அக்கா லயத்துக்கு ஏறும் படியில் நின்று மலையைப் பார்த்தார். "நம்ம கையால பறிச்சது நம்மளையே கவுத்துருக்கு பாத்தியா" என்றார். அப்புறம் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

அடுத்த ஞாயிறு அந்தப் பிரிட்ஜைப் பார்த்தேன். அடேயப்பா! கழுவிக் காயவைத்த சாராயப் போத்தல்கள் வரிசையாக நின்றன. எங்கள் லயத்தில் காசு கொடுக்காமல் கிடைக்கும் கண்ணாடிப் போத்தல் அது ஒன்றுதான். அதில் நெல்லிச் சாறு, இஞ்சி போட்ட தேசிக்காய்த் தண்ணீர், வீட்டுப் பின்னால் காய்த்த மரத்தக்காளிச் சாறு. எங்கள் குளிரில் நெல்லி காய்க்காது. பொல்பிட்டியப் பக்கம் கட்டிக்கொடுத்த தங்கச்சிக்குச் சொல்லி, பஸ் கொண்டக்டர் கையில் கிழமைக்கு ஒரு பை வரவழைத்தார். கீழ்த் தட்டில் அவித்த கடலை, முளைகட்டிய பயறு, காரம் போட்டு வறுத்த நெத்தலி, நறுக்கி வைத்த வல்லாரை, பிசைந்து உருட்டிய குரக்கன் எனும் கேழ்வரகு மா. காலையில் எழுந்து மலைக்கு ஓடுகிறவள் இரண்டு உருண்டையை எடுத்துத் தட்டிக் கல்லில் போட்டால் போதும், ரொட்டி தயார். ஞாயிறு ஒரு நாள் உட்கார்ந்து இதையெல்லாம் செய்துவிடுவார். ஒவ்வொரு போத்தலிலும் வெள்ளைப் பிளாஸ்டர் ஒட்டி, பேனையால் பெயர் எழுதியிருந்தது. நான்கு போத்தலில் என் பெயர்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "நா என்ன பிச்சைக்காரியா? எங்க வீட்ல சோறு இல்லையா?" என்று கேட்டேன். அக்கா அசரவில்லை. "ஒனக்கு யாரு குடுத்தா? வயித்துல இருக்கிற ஆளுக்கு வச்சிருக்கேன். வேணாம்னா அவரு வந்து சொல்லட்டும்" என்றார். போத்தலைத் திறந்து முதலில் தான் ஒரு வாய் குடித்தார். பிறகுதான் என்னிடம் நீட்டினார். கடைசிவரை அவர் வழக்கம் அதுதான். "நா குடிக்காதத ஒருத்தருக்கும் குடுக்கமாட்டேன்" என்பார். நெல்லிச் சாறு எனக்குப் பிடிக்காது. பல் கூசும். முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்தேன்.

ராஜு செய்த கூத்தையும் எழுதத்தான் வேண்டும், அவர் கோபித்தாலும் பரவாயில்லை. அந்த நாளில் அவருக்குக் குடிப்பழக்கம் இருந்தது. பின்னேரம் அக்கா வீட்டில் சட்டி எடுக்கப் போனவர், பிரிட்ஜில் சாராயப் போத்தல்கள் நிற்பதைப் பார்த்திருக்கிறார். முத்தையா அண்ணன், அதாவது பவளம் அக்காவின் கணவர், ஒளித்துவைத்த சரக்கு என்று நினைத்து ஒன்றை எடுத்து ஒரே மூச்சில் பாதிக்கு மேல் இழுத்துவிட்டார். உப்பும் இஞ்சியும் போட்ட நெல்லி! இருமல் சத்தம் சுவரைத் தாண்டி எனக்குக் கேட்டது. அக்கா ஓடிவந்து போத்தலைப் பிடுங்கிப் பார்த்தார்.

"அடப் பாவி! அது ஒம் பொண்டாட்டி ரத்தம்டா. குடிச்சுப்புட்டியே!"

லயமே வாசலில் நின்று சிரித்தது. ராஜு சிரிக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை அவரே பொல்பிட்டியவுக்குப் போய் ஒரு பை நிறைய நெல்லிக்காயோடு வந்தார். குடியை அன்றே விட்டார் என்று எழுதினால் பொய். விட நாலு வருடம் ஆனது. ஆனால் அந்தப் பிரிட்ஜில் அதற்குப்பிறகு கை வைக்கவில்லை.

எட்டாம் மாதம் மிட்வைப் மிஸ் இரத்தம் பார்த்த கடதாசியை இரண்டு முறை திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல் அக்காவைப் பார்த்துச் சிரித்தார். என் மகள் பிரியா பிறந்த வேகத்தில் அழுதாள். அந்த அழுகையைக் கேட்கத்தான் நான் இரண்டு வருடம் காத்திருந்தேன்.

அதன்பிறகு நானும் ஒரு பிரிட்ஜ் வாங்கினேன். வீட்டுக்கு வந்த பெரிய மனிதரைப்போல அதை முன்காம்பராவில் நிறுத்தினேன். தீபாவளிக்கு வருகிறவர்களுக்குக் கலர் சோடா வைக்க மட்டும் பிளக் போடுவோம். மற்ற மாதங்களில் அது எங்கள் அலுமாரி. ஒருநாள் அக்கா திறந்து பார்த்தார். என் கல்யாணச் சேலையும், எல்லாருடைய பிறப்புச் சான்றிதழும், ராஜுவின் ஈபிஎப் கடதாசியும் உள்ளே இருந்தன. "ஏன் செல்வி, பர்த் சேட்டிபிகேட்ட அவிச்சுத் திம்பீங்களா, பச்சையாவா?" என்று கேட்டுவிட்டு, தரையில் உட்கார்ந்து சிரித்தார். மானம் போனது. அன்றைக்குச் சேலையை வெளியே எடுத்தேன்.

பதினாறு வருடத்தில் அந்தப் பழைய பிரிட்ஜ் எத்தனை பேரைக் கண்டது என்று எனக்கே தெரியாது. வயிற்றுப் பிள்ளைக்காரிகள், சீனி வருத்தக்காரர்கள், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள். யாருக்கு எது ஆகும், எது ஆகாது என்பது அவர் தலைக்குள் இருந்தது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு மழையில் நாள் முழுக்கக் கொழுந்து பறித்துவிட்டு வருகிற ஒரு பெண்ணால் இது எப்படி முடிந்தது? சுவருக்கு இந்தப்பக்கம் இருந்து பார்த்தும் எனக்குப் புரியவில்லை. வியந்து வியந்தே எனக்கு வயதாகிவிட்டது. ஒருமுறை கேட்டேன். "பசிக்கு முன்னாடி எந்திரிக்கணும் புள்ள. பசி வந்தப்புறம் எந்திரிச்சா கையில கெடச்சதத்தான் திம்போம்" என்றார்.

இப்போது அக்கா போன அந்த நாளுக்கு வருகிறேன்.

பின்னேரம் அக்காவைக் கொண்டுவந்து முன்காம்பராவில் கிடத்தினார்கள். உடப்புசல்லாவையிலிருந்து அவருடைய பெரியண்ணன் வந்திருந்தார். நல்ல மனிதர், முறை தெரிந்தவர். தங்கச்சியின் முகத்தைப் பார்த்து அழுதுவிட்டு, எழுந்து செய்ய வேண்டியவற்றைச் சொல்லத் தொடங்கினார். சாவு வீட்டில் இருக்கும் தண்ணீரையும் சமைத்த பண்டத்தையும் கொட்டிவிடுவது எங்கள் வழக்கம். குடத்துத் தண்ணீரைக் கொட்டினார்கள். சோற்றுச் சட்டியைக் கவிழ்த்தார்கள்.

"அந்தப் பிரிட்ஜையும் காலி பண்ணுங்கம்மா. பிளக்கக் கழட்டி மூடிருங்க. கருமாதி முடியிறவரைக்கும் யாரும் தொடவேணாம்" என்றார்.

எனக்குக் கௌசியின் முகம் கண்முன் வந்தது. லயத்தின் கடைசிக் காம்பராவில் இருக்கும் பெண். நிறைமாதம். என்னைப்போலவே இரத்தம் போதாதவள், என்னைப்போலவே ஒன்றைப் பறிகொடுத்தவள். வயிற்றுப் பிள்ளைக்காரி சாவு வீட்டுக்கு வரக்கூடாது என்பதால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள். நெல்லியை நாளைக்கே யாராவது பிழியலாம்தான். ஆனால் இந்தப் பிரிட்ஜிலுள்ளது தீட்டு என்று பெரியவர் வாயால் ஒருமுறை வந்துவிட்டால், பிறகு கௌசி அதைத் தொடமாட்டாள், அவள் மாமியார் தொடவும் விடமாட்டார். பதினாறு நாள் அது மூடிக் கிடக்கும். அந்தப் பதினாறு நாளுக்குள் அவளுக்கு நாள் வந்துவிடும்.

ஒருத்தி சைக்கிள் டியூப்பைக் கழற்றிக் கதவைத் திறந்தாள். அக்கா காலையில் பெரட்டுக்குப் போகுமுன் எல்லாவற்றையும் நிரப்பி வைத்துவிட்டுப் போயிருந்தார். எட்டுப் போத்தல். முன்வரிசையில் 'கௌசி' என்று அவர் கையெழுத்து. அந்தக் கையெழுத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே போய்ப் பிரிட்ஜுக்கு முன்னால் நின்றேன்.

"இதுல கை வைக்க விடமாட்டேன்" என்றேன்.

"என்னம்மா பேசுற? முறை இருக்குல்ல" என்றார் பெரியண்ணன்.

"முறை எனக்கும் தெரியும் அண்ணே. ஒங்க தங்கச்சி என்ன செஞ்சாங்கன்னு ஒங்களுக்குத் தெரியாது."

அங்கே சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். நான் பிரியாவைச் சுமந்த ஏழாம் மாதத்தில் முத்தையா அண்ணன் இறந்துபோனார். அடைமழை. தப்பு மேளத்தின் சத்தம் சுவர் வழியாக என் காம்பராவுக்குள் அதிர்ந்தது. கௌசியைப்போல நானும் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக இருந்தேன். பதினொரு மணி, குளிசை நேரம். இன்றைக்கு நெல்லி இல்லை என்று முடிவுசெய்து சாயத்தண்ணிக் கோப்பையைக் கையில் எடுத்தேன். பின்கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

பவளம் அக்கா. தலைமுடி அவிழ்ந்து கிடந்தது, சேலை நனைந்து ஒட்டியிருந்தது. கையில் என் பெயர் எழுதிய போத்தல். வாசற்படியில் கால் வைக்காமல் வெளியிலேயே நின்றார். நான் பின்னால் நகர்ந்தேன். இதைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் கூசுகிறது. சாவு வீட்டுப் பண்டம், என் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்தேன். "வேணாங்க்கா, பயமா இருக்கு" என்றேன்.

கோபிப்பார் என்று நினைத்தேன். கோபிக்கவில்லை. போத்தலைத் திறந்து தான் ஒரு வாய் குடித்தார். பிணம் வீட்டைவிட்டுப் போகும்வரை பெண்டாட்டி வாயில் தண்ணீர் படக்கூடாது. அவருடைய புருஷன் சுவருக்கு அந்தப்பக்கம் கிடக்கிறார். அவர் இந்தப்பக்கம் நின்று, நான் நம்புவதற்காக ஒரு வாய் குடித்தார்.

"தீட்டு எனக்கு. போத்தலுக்கு இல்ல. குடி புள்ள" என்றார்.

நான் குளிசையை முழுங்கும்வரை மழையில் நின்றார். முந்தானையால் உதட்டைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனார். கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப்பக்கம் அவருடைய ஒப்பாரி எழுந்தது. அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு நான் மீதியைக் குடித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. ராஜுவிடமும் சொல்லவில்லை. புருஷன் பிணம் கிடக்கும்போது ஜூஸ் குடித்தவள் என்று அவரை யாரும் ஒரு சொல் சொல்லிவிடக்கூடாது என்று பதினாறு வருடம் வாயைக் கட்டியிருந்தேன். என் வாய் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே.

சொல்லி முடித்தபோது பெரியண்ணன் தங்கச்சியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடிச்சாளா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஒரு வாய் குடிச்சாங்க அண்ணே."

அவர் தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். முகத்திலிருந்து துண்டை எடுத்து, "அந்தப் புள்ள போத்தல எடுத்துக்கிட்டுப் போம்மா. பின்வாசலால போ" என்றார். பிளக்கை யாரும் கழற்றவில்லை.

பின்பக்கம் தண்ணீர் ஓடும் கான் ஓரமாக நடந்து கௌசியின் கதவைத் தட்டினேன். திறந்தாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. போத்தலைப் பார்த்ததும் பின்னால் நகர்ந்தாள். பதினாறு வருடத்துக்கு முன் நான் நகர்ந்த அதே நகர்வு. "பயமா இருக்குக்கா" என்றாள். நான் மூடியைத் திறந்து ஒரு வாய் குடித்தேன்.

கௌசிக்குப் பையன் பிறந்திருக்கிறான். அவன் அழுத அழுகையை ஆஸ்பத்திரியிலிருந்து போனில் எல்லாருக்கும் கேட்கவைத்தார்கள். பிரிட்ஜ் இப்போது என் பின்காம்பராவில் நிற்கிறது. சுரேஷ்தான் எடுத்துக்கொள்ளச் சொன்னான். ஞாயிற்றுக்கிழமைகளில் நான்கைந்து பேர் சேர்ந்து நிரப்புகிறோம். அக்கா தனியாகச் செய்ததை எங்கள் ஐந்து பேராலும் அந்த அளவுக்குச் செய்ய முடியவில்லை. கடலை சில நேரம் குழைந்துவிடுகிறது. பிளாஸ்டரில் என் கையெழுத்து கோணலாக இருக்கிறது.

அக்கா, நெல்லிச் சாறு எனக்கு இன்றைக்கும் பிடிக்கவில்லை, இன்றைக்கும் பல் கூசுகிறது. ஆனால் ஒவ்வொரு போத்தலிலும் முதல் வாய் நான்தான் குடிக்கிறேன்.